யாருடைய பொருளை வைத்துப் பேரம் பேசுகிறோம்?

எங்கள் வீட்டில் வடை சுடுவதும் அப்பளம் பொரிப்பதும் கனோலா எண்ணெயில்தான். ஸ்காபரோவில் பல தமிழ் வீடுகளில் அப்படித்தான். அந்த மஞ்சள் எண்ணெய்ப் போத்தல் அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கும். கனோலா என்ற பெயருக்குள்ளேயே கனடா இருக்கிறது. 1970களில் மனிற்றோபாவிலும் சஸ்காச்சுவானிலும் இருந்த விஞ்ஞானிகள் கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றைத் திருத்தி உருவாக்கிய பயிர் அது. அமெரிக்காவோடும் சீனாவோடும் நமக்கு வந்த வரிச் சண்டையில் இந்தப் பயிர் பட்ட பாட்டை இங்கே ரொறன்ரோவில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

2024 அக்டோபரில் சீன மின்சாரக் கார்களுக்குக் கனடா 100 வீத வரி போட்டது. அமெரிக்கா போட்ட அதே அளவு. ஒன்ராறியோவின் கார்த் தொழிலைக் காப்பாற்றத்தான் அது. ஆனால் சீனாவின் பதிலடி விழுந்தது கார்த் தொழிலில் அல்ல. 2025 மார்ச்சில் கனோலா எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் பட்டாணிக்கும் 100 வீதம், ஆகஸ்ட்டில் கனோலா விதைக்கு 75.8 வீதம். ஒன்ராறியோவின் கார்த் தொழிற்சாலை நகரான ஒஷாவாவின் வேலைக்காக, சஸ்காச்சுவானில் ரெஜைனாப் பக்கத்துக் கனோலா விவசாயி தண்டம் கட்டினார்.

சீனக் கார்களுக்குப் போட்ட அந்த வரியை நானும் ஆதரித்தவன். என் மைத்துனர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். 2025 ஏப்ரலில் ட்ரம்ப் வெளிநாட்டுக் கார்களுக்கு 25 வீத வரி போட்ட பிறகு அங்கே ஷிப்ட் குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடும்போது தொலைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் திருப்பி வைத்துக்கொண்டே சாப்பிட்டார். குறுஞ்செய்தி வந்தால்தான் மறுநாள் வேலை. அக்கா அவருக்குக் கறி போட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அதைப் பார்த்தவனுக்கு விவசாயியின் நினைப்பு எங்கிருந்து வரும்?

அல்பேர்ட்டா விஷயத்திலும் இதே தவறைத்தான் செய்தேன். 2024இல் கனடாவின் ஏற்றுமதியில் முக்கால்வாசி அமெரிக்காவுக்குத்தான் போனது; அதில் பெரிய பங்கு அல்பேர்ட்டாவின் எண்ணெய். 2025 ஜனவரியில், தேவைப்பட்டால் அந்த எண்ணெயையே பதிலடிக்குப் பயன்படுத்தலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அல்பேர்ட்டா முதல்வர் டானியேல் ஸ்மித் மத்திய அரசும் மற்ற மாகாண முதல்வர்களும் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கையில் கையெழுத்திட மறுத்தார். நாடே ஆபத்தில் இருக்கும்போது இப்படியா என்று எனக்குக் கடும் கோபம். மார்ச்சில் எங்கள் ஒன்ராறியோ முதல்வர் டக் போர்ட் மினசோட்டா, மிச்சிகன், நியூயோர்க்குக்கு விற்கும் மின்சாரத்துக்கு 25 வீத மேலதிகக் கட்டணம் அறிவித்தார். உருக்குக்கும் அலுமினியத்துக்கும் வரியை இரட்டிப்பாக்குவேன் என்று ட்ரம்ப் சொன்னதும் போர்ட் அன்றே அதை நிறுத்தினார். சரி, எங்கள் உருக்காலைக்கு ஆபத்து என்றதும் நாங்களும் பின்வாங்கத்தானே செய்தோம்? ஸ்மித் செய்ததில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஆனால் எண்ணெய் விலையையும் வருமானத்தையும் ஒட்டாவா தன் கட்டுக்குள் கொண்டுவந்த 1980இன் தேசிய எரிசக்தித் திட்டத்தை அல்பேர்ட்டாக்காரர் ஏன் இன்றுவரை மறக்கவில்லை என்பது இப்போது புரிகிறது.

2026 ஜனவரியில் பிரதமர் கார்னி பெய்ஜிங் போனார். வருடத்துக்கு 49,000 சீன மின்சாரக் கார்கள் 6.1 வீத வரியில் வரலாம், கனோலா விதைக்கான வரி ஏறக்குறைய 15 வீதமாக இறங்கும் என்று இணக்கம் வந்தது. சஸ்காச்சுவான் முதல்வர் ஸ்கொட் மோ வரவேற்றார், போர்ட் கொதித்தார். எங்கள் ஆட்கள் பலரும் போர்ட் பக்கம்தான். எனக்கும் மைத்துனரை நினைத்துப் பயமாக இருக்கிறது. ஆனாலும் கார்னி செய்தது சரி என்றே சொல்வேன். ஏறக்குறைய ஒரு வருடம் எங்களுக்காக அந்த விவசாயிகள் சுமந்தார்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று. 2025 ஜூனில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. இனி எந்த வர்த்தகப் பேச்சுவார்த்தையிலும் பால், முட்டை, கோழிச் சந்தையை வெளிநாட்டுக்கு மேலும் திறந்துவிட முடியாது. பாற்பண்ணைகள் பெரும்பாலும் கியூபெக்கிலும் ஒன்ராறியோவிலும்தான். 343 ஆசனங்களில் ஒன்ராறியோவுக்கு 122, கியூபெக்குக்கு 78, சஸ்காச்சுவானுக்கு 14. கனோலாவுக்கு ஏன் அப்படி ஒரு சட்டம் இல்லை என்பதற்கு இந்த எண்களே போதும்.

எல்லாவற்றுக்கும் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தால் பேரம் பேச எதுவும் மிஞ்சாது, தெரியும். ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்: ஒரு வரியைப் போடும் நாளிலேயே, பதிலடி யார் தலையில் விழும், அவர்களுக்கு என்ன இழப்பீடு என்பதையும் ஒட்டாவா அறிவிக்க வேண்டும். விவசாயிக்கும் அப்படி, ஷிப்ட் இழக்கும் தொழிலாளிக்கும் அப்படி. அமெரிக்கா, மெக்சிகோவுடனான வர்த்தக ஒப்பந்தத்தின் 2026 ஜூலை மறுஆய்வில் இதைப் பேசச் சொல்லி எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன். உங்கள் எம்.பி.க்கு நீங்களும் எழுதுங்கள்.