எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாத்திரையை நிறுத்தலாமா?

“எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டால் வயிறு பழகிவிடும், அப்புறம் விட்டமின் மாத்திரை எதுவும் வேண்டாம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு, தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இந்தச் சிகிச்சையில் ஒரு வகையான இரைப்பை பைபாஸ் (இதய பைபாஸ் அல்ல) செய்தவர்களுக்கு இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் அதிகம் உறிஞ்சும் சிறுகுடலின் முதல் பகுதியை உணவு தொடாமலே போகிறது. ஒரு வருடம் ஆனாலும் பத்து வருடம் ஆனாலும் அந்தப் பாதை அப்படியேதான் இருக்கும். இன்னொரு வகையான ஸ்லீவ் முறையில் வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவதால் அமிலமும், விட்டமின் பி12 உறிஞ்சத் தேவையான புரதமும் குறைந்துவிடும்.

“நான் நிறுத்திட்டேன், நல்லாத்தான் இருக்கேன்” என்று சிலர் சொல்வதுதான் எனக்குப் பெரிய கவலை. பி12 கல்லீரலில் சேமிப்பாக இருக்கும், அது தீர வருடக்கணக்கில் ஆகலாம், அதுவரை ஒன்றும் தெரியாது, பிறகு கால் மரத்துப்போய் நடை தடுமாறும்போது, நரம்பில் ஏற்பட்ட பாதிப்பு முழுதாகச் சரியாகாமலே போகலாம்.

மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுக்க வேண்டும் என்று பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இணையதளத்திலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகப் போடாமல் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். அதனால் வரும் தயமின் (விட்டமின் பி1) குறைபாடு சில வாரங்களிலேயே மூளையைப் பாதிக்கும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏற்கெனவே நிறுத்தியவர்கள் உங்கள் மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை உங்களுக்கு அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.