சர்க்கரைக்கு மாற்று இனிப்பு: எத்தனை மில்லிகிராம் என்று யாருமே கேட்பதில்லை

"ஆஸ்பர்டேம் புற்றுநோய் உண்டாக்கும், உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது." டயட் குளிர்பானங்களில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இந்த இனிப்பைப் பற்றி 2023 ஜூலையிலிருந்து இந்த வரி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அன்று வந்த அறிவிப்பில் இன்னொரு பாதியும் உண்டு. அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

அப்போது சேர்ந்து வெளியானவை இரண்டு முடிவுகள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆஸ்பர்டேமை '2பி' பிரிவில் வைத்தது. புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம், ஆனால் சான்று குறைவு என்பதுதான் அந்தப் பிரிவு. உணவுச் சேர்க்கைகளை ஆராயும் ஜெக்ஃபா குழுவோ, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மி.கி. என்ற பழைய வரம்பை மாற்றக் காரணம் எதுவும் இல்லை என்றது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒரு பொருளுக்குக் கெடுக்கும் தன்மை இருக்கிறதா என்று பார்ப்பது முகமையின் வேலை. எவ்வளவு உள்ளே போனால் கெடுக்கும் என்று பார்ப்பது ஜெக்ஃபாவின் வேலை. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே 2பி-யில்தான் இருக்கிறது. காலையில் கற்றாழை ஜூஸ் மகிமை, மாலையில் ஆஸ்பர்டேம் எச்சரிக்கை என்று ஒரே பக்கத்தில் இரண்டு பதிவுகளைப் பார்க்கும்போது என்ன சொல்வது!

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு டயட் குளிர்பான கேனில் ஆஸ்பர்டேம் 200 முதல் 300 மி.கி. வரை இருக்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு வரம்பு 2800 மி.கி. அதைத் தாண்ட ஒரே நாளில் ஒன்பது முதல் பதினான்கு கேனுக்கு மேல் குடிக்க வேண்டும். ஆனால் 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே கணக்கைப் போடுங்கள்: 600 மி.கி. இரண்டு மூன்று கேனிலேயே வரம்பைத் தொட்டுவிடும். பெரியவர்களைப் பற்றி இவ்வளவு சத்தம் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

மேசையில் வைக்கும் சிறு பாக்கெட்டைப் பிரித்தால் கொட்டும் வெள்ளைத் தூளில் முக்கால்வாசிக்கு மேல் டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற நிரப்புத் தூள்தான். இரண்டு டீஸ்பூன் சர்க்கரையின் இனிப்புக்கு ஆஸ்பர்டேம் சுமார் 40 மி.கி. போதும், சுக்ரலோஸ் என்ற இன்னொரு மாற்று இனிப்பு என்றால் 12 மி.கி.யே போதும். அவ்வளவு சிறிய அளவைக் கையால் எடுக்க முடியாது என்பதால்தான் இந்த நிரப்பி. வரம்பும் பொருளுக்குப் பொருள் மாறும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கணக்கில் (அங்கே ஆஸ்பர்டேம் வரம்பு கிலோவுக்கு 50 மி.கி.), 60 கிலோ எடையுள்ளவருக்கு ஆஸ்பர்டேம் 75 பாக்கெட், சுக்ரலோஸ் 23 பாக்கெட்.

சாக்கரின் என்ற பழைய மாற்று இனிப்புக்கும் இதே கதை நடந்தது. எலிகளுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வந்தது என்று 1977-ல் தடை பேசப்பட்டு, எச்சரிக்கை வாசகம் அச்சாகி, 2000-ல் அது நீக்கப்பட்டது. ஆண் எலியின் சிறுநீரில் மிகை அளவு சாக்கரின் சேரும்போது படிகங்கள் உருவாகிச் சிறுநீர்ப்பைச் சுவரை உராய்கின்றன. மனிதரிடம் அப்படி நடப்பதில்லை.

அப்படியானால் எல்லாம் பத்திரமா? இல்லை. கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

முதலில் எடைக் குறைப்பு. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்புகளை நம்பாதீர்கள் என்று வழிகாட்டியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதிலேயே சொல்லியிருந்தது. நீண்ட கால ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு: எடை கூடியவர்களும் சர்க்கரை நோய் வரும் நிலையில் இருப்பவர்களும்தான் டயட் பானத்துக்கு மாறுகிறார்கள். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். எனக்குக் கனமாகப் படுவது 2022-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் செய்த ஆய்வு. ஆரோக்கியமான 120 பேர், இரண்டு வாரம், வரம்புக்குள்ளேயே அளவு. சாக்கரினும் சுக்ரலோஸும் எடுத்த குழுக்களில் குளுக்கோஸைக் கையாளும் விதம் மாறியது, அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபட்டு. குடல் நுண்ணுயிர்களைக் காரணமாகச் சுட்டுகிறார்கள் ஆய்வாளர்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் 'உடம்பில் எதையும் தொடாமல் வெளியேறிவிடும்' என்ற விளம்பர வாதத்துக்கு அது அடி.

அடுத்தது எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பு. மற்றவை மில்லிகிராமில் போகும். இது கிராம் கணக்கில் போகும், ஏனென்றால் இதன் இனிப்பு சர்க்கரையின் முக்கால் பங்குக்கும் குறைவு. 2023-ல் அமெரிக்காவின் க்ளீவ்லேண்ட் க்ளினிக் குழு, இரத்தத்தில் இதன் அளவு அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் காட்டியது. நம் உடலும் எரித்ரிட்டாலைத் தயாரிக்கிறது என்பதால் அது மட்டும் தீர்ப்பாகாது. ஆனால் 30 கிராம் கலந்த பானம் குடித்தவர்களின் இரத்தத்தில் அளவு இரண்டு நாளுக்கு மேல் எகிறியே நின்றது. இதய நோயாளி இதைத் தவிர்ப்பதே மேல் என்பது என் கருத்து. 'இயற்கை ஸ்டீவியா' என்று முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்; பல சமயம் முதல் பெயரே எரித்ரிட்டால். பெயர் இல்லாவிட்டால் உணவுச் சேர்க்கை எண்ணைத் தேடுங்கள்: 968 எரித்ரிட்டால், 960 ஸ்டீவியா, 955 சுக்ரலோஸ், 954 சாக்கரின், 951 ஆஸ்பர்டேம், 950 அசிசல்ஃபேம் கே.

அடுப்படியில்: ஆஸ்பர்டேமைக் கொதிக்க விட்டால் இனிப்பு போய்விடும்; விஷமாவதில்லை, ஆனால் இனிக்கவில்லையே என்று இன்னும் நாலு இனிப்பு மாத்திரை போடுவார்கள். இறக்கிய பிறகு கலக்குங்கள். சுக்ரலோஸை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் குளோரின் கொண்ட கூட்டுப்பொருள்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பிஎஃப்ஆர் 2019-ல் எச்சரித்தது. கேக், பிஸ்கட்டுக்கு வேண்டாம்.

ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் ஆஸ்பர்டேமைத் தொடவே கூடாது. அது உடைந்தால் பாதி ஃபினைல்அலனின், அவர்கள் உடலால் கையாள முடியாத அமினோ அமிலம்.

கடைசியாக ஒன்று, இன்சுலின் எடுப்பவர் வீட்டில் இருந்தால் படியுங்கள். லோ சுகர் ஆகி வியர்த்து, கை நடுங்கும்போது அவசரத்தில் டயட் பானத்தை நீட்டிவிடாதீர்கள். அது சர்க்கரையை ஒரு புள்ளிகூட ஏற்றாது. 15 கிராம் குளுக்கோஸ், அல்லது 150 மி.லி. சாதாரண குளிர்பானம் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள், 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.