"ரெண்டு பேருக்காக" என்று கேட்டவருக்கு

ஆன்லைன் கோர்ஸ் நோட்ஸைப் படிக்க முடியவில்லை என்று கேட்ட மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வந்த பதில் அது; அந்த ஸ்க்ரீன்ஷாட் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். "ரெண்டு பேருக்காக மொத்த கோர்ஸையும் மாத்தணுமா?" கேட்டவர் பேராசிரியர். அதற்குக் கைதட்டல் வேறு.

மொத்த கோர்ஸை யார் மாற்றச் சொன்னார்கள்? போனில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கிய நோட்ஸை டைப் செய்து போடுங்கள் என்றார்கள், அவ்வளவுதான். கண் தெரியாதவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் படம். வாசிக்க அதில் எழுத்தே கிடையாது. டைப் செய்த ஒரே பாடமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது; பார்க்கத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. நானே என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரைப் போட்டுக் கேட்டேன். 'அம்மா' வரும் இடத்தில் 'எம் கே, கே ஹெச்' என்கிறது. தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடை தமிழக அரசு ஏற்றது 2010-ல், சார்.

"ஃப்ரீயா எடுக்கிறோம், நேரம் எங்கே?" என்பீர்கள். முதல் நாளே டைப் செய்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. பாடம் தயாராகும்போதே செய்ய வேண்டிய வேலை இது. யாராவது வந்து கெஞ்சிய பிறகு போடும் பிச்சை இல்லை. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியாகிவிட்டது.

"கண் தெரியாதவங்க சரி, டிஸ்லெக்சியா எல்லாம் சாக்கு" என்று அங்கேயே இன்னொருவர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் ஒன்று. அதை விடுங்கள். என் தம்பி மாம்பலத்து வீட்டு முற்றத்தில் இம்போசிஷன் எழுதி எழுதியே வளர்ந்தவன். ஒரே வார்த்தையை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவான். அப்பாவின் கை உடனே ஓங்கும். இன்று அவன் வீடியோவை முக்கால் வேகத்தில் ஓட்டி, சப்டைட்டிலில் விரல் வைத்துத் தொடர்ந்து, அழகாகப் படிக்கிறான். சப்டைட்டில் இல்லாத வீடியோவை அப்படியே மூடிவிடுவான். யாரிடமும் கேட்க மாட்டான். கேட்டால் இப்படித்தானே பேசுவீர்கள்!

குவிஸில் டைமர் வேறு. பிளஸ் டூ தேர்விலேயே டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. கோர்ஸ் ஓடும் மூடுல் தளத்தில் ஒரு மாணவருக்கு மட்டும் நேரத்தைக் கூட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் "எல்லாருக்கும் ஒரே ரூல்". நல்ல நியாயம், போங்கள்.

நானே டைப் செய்து தரலாம் என்றுகூட முதலில் நினைத்தேன். மாட்டேன். அது உங்கள் வேலை. டிசம்பர் 3 வந்தால் மாற்றுத்திறனாளிகள் தின வாழ்த்து போஸ்டர் போடுவீர்கள் அல்லவா? படத்தில் இருப்பதை ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்லும் மாற்று உரை அதற்கு இருக்கிறதா என்று பார்க்க நான் வருவேன்.