ஆளில்லாத கச்சதீவுக்கு அத்தனை படகு, நெடுந்தீவாருக்கு மட்டும் இடமில்லையா?

மாசி பிறந்தால் எங்கள் கடல் அடங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று கிளப்பும் அலையைக் காட்டிப் படகு ஓடாது என்று சொன்னால், யாழ்ப்பாணத்துக்கு அப்பால், படகில் மட்டுமே போய்வரக்கூடிய நெடுந்தீவில் பிறந்த எவரும் மறுபேச்சுப் பேச மாட்டோம். கடலோடு மல்லுக்கு நிற்க முடியாது. ஆனால் இப்போது காற்று விழுந்துவிட்டது. துறையடியில் தண்ணீர் அடி தெரியக் கிடக்கிறது. இந்த நாட்களிலும், நெடுந்தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் வெயிலில் காய விட்டு, "ஆள் நிறைந்துவிட்டது, அடுத்த படகுக்குப் பாருங்கள்" என்றால் வயிறு எரியாதா? அடுத்த படகு எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொல்கிறார்கள்.

ஊர் பார்க்க வருகிறவர்களை நான் நோகவில்லை. காற்று விழுந்ததும் சனி, ஞாயிறுகளில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். வரட்டும். குதிரைகளைப் பார்க்கட்டும், பெருக்குமரத்துப் பொந்துக்குள் நின்று படம் எடுக்கட்டும், முருகைக்கல் வேலிகளைத் தடவிப் பார்க்கட்டும். அவர்கள் வந்தால்தான் முச்சக்கரவண்டிக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நாலு காசு. என் ஆத்திரமெல்லாம், கூட்டம் வரும் என்று தெரிந்தும் கூடுதலாக ஒரு படகை விடாதவர்கள் மீதுதான். வீடு திரும்புகிறவரையும் ஊர் பார்க்கப் போகிறவரையும் ஒரே வரிசையில் விட்டு, முந்தினவருக்கு இடம் என்றால், யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலமும் வேலணையும் புங்குடுதீவும் கடந்து வருகிற வயோதிபர் யாரை முந்துவார்?

போன சனிக்கிழமை எங்கள் ஒழுங்கை ஆச்சியைத் திருப்பிவிட்டார்கள். முதல் நாள் மாலைதான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பியிருந்தார்கள். சேலைன் ஏற்றிய கையில் பஞ்சு ஒட்டியபடியே இருந்தது. மற்றக் கையில் மருந்து உறைகள் போட்ட பை. யாருடையதோ சீமெந்து மூட்டையில் குந்தியிருந்தார். படகிலிருந்த வெளியூர்ப் பிள்ளை ஒன்று எழுந்து, "ஆச்சி இதில் இருக்கட்டும், நான் நிற்கிறேன்" என்றது. கணக்கு முடிந்துவிட்டது என்று மறித்துவிட்டார்கள். கணக்கை மீறி ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தக் கணக்கில் ஊராருக்கென்று நாலு இருக்கையை முன்கூட்டியே ஏன் ஒதுக்கி வைக்கவில்லை என்றுதான் கேட்கிறேன்.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இதே மாசி, பங்குனியில்தான் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வருகிறது. குடிதண்ணீர் இல்லாத, ஒருவரும் குடியிராத தீவு. அங்கே இரண்டு நாளுக்கு ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோய்க் கொண்டுவர முடிகிறது. அதிகாலையிலேயே யாழ்ப்பாணத்தில் பஸ் நிற்கிறது, குறிகட்டுவானில் படகு நிற்கிறது, தண்ணீர், மலசலகூடம், வைத்தியர் எல்லாம் வந்துவிடுகின்றன. நல்ல காரியம், அந்தோனியாரை நானும் கும்பிடுகிறவன். கச்சதீவும் எங்கள் பிரதேச செயலர் பிரிவுக்குள்தான் இருக்கிறது. அதற்கு முடிந்தது, அதே பிரிவில் ஆயிரக்கணக்கானோர் வாழும் நெடுந்தீவுக்கு ஏன் முடியவில்லை?

கச்சதீவு என்றால் இரு கரையிலும் மேடை போடுகிறார்கள். கச்சதீவை இலங்கைப் பக்கம் சேர்த்த 1974 இந்திய-இலங்கை உடன்படிக்கையைப் பிரித்துப் பிரித்துப் பேசுகிறார்கள். அந்த மேடைகளில் நெடுந்தீவு என்ற பெயரை எத்தனை பேர் உச்சரித்திருக்கிறார்கள்? இங்கே கர்ப்பிணிப் பெண்கள் நாள் நெருங்குமுன்பே கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் போய்த் தங்க வேண்டியிருக்கிறது. பங்குனி வெயில் ஏறஏறக் கேணிகள் வற்றுகின்றன. நல்ல தண்ணீருக்கு மனிதரும் அலைகிறோம், குதிரைகளும் அலைகின்றன. இதைப் பேச மேடை இல்லை.

எங்களுக்குப் படகு உல்லாசப் பயணம் அல்ல. 1985 மே 15 அன்று குமுதினி என்ற எங்கள் பயணிகள் படகில் எங்கள் சனங்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் இதே கடலில்தான் படகேறிப் பிள்ளைகளைப் படிப்பித்தோம், நோயாளிகளைக் கொண்டுபோனோம், வேறு வழி இல்லாததால். அப்படிப்பட்ட சனத்திடம் "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்ல நாக்கு எப்படி எழுகிறது? குறிகட்டுவானில் இரவு எங்கே படுப்பது என்றாவது சொல்கிறார்களா?

பெரிய திட்டம் ஒன்றும் கேட்கவில்லை. பங்குனி முடியுமுன் இறங்குதுறையில் ஒரு பலகை வையுங்கள். எந்தப் படகு எத்தனை மணிக்கு, அதில் ஊராருக்கு எத்தனை இடம், நோயாளிக்கு எத்தனை இடம் என்று அதில் எழுதுங்கள். எழுதியபடி படகை விடுங்கள்.