வாரம் ஒரு மாத்திரை, எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருந்தேன். ஆறு வருட ஆய்வேடு கையில். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" என்ன மூலக்கூறு செய்தாய், எதற்குச் செய்தாய் என்று கடைசி வரை யாரும் கேட்கவில்லை. வேலை கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இந்தப் பதிவிலும் கொஞ்சம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

தெரியாதவர்களுக்கு: 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு அது. உங்கள் கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எச் 20. சுலபம். சுலபம் என்பதால்தான் எல்லாத் தேர்வுக் குழுக்களும் பிடித்துக்கொண்டன.

இந்தக் கணக்கைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மருந்து வேதியியலாளர் நித்யா ஆனந்த் ஞாபகம் வரும். (பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள், ஆண்தான்.) 1925இல் லயல்பூரில் பிறந்தவர். பம்பாயில் சாய வேதியியல் வல்லுநர் கே. வெங்கடராமனிடம் ஒரு முனைவர் பட்டம், கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் டாட்டிடம் இன்னொன்று. டாட் பின்னாளில் நோபல் வாங்கியவர். அங்கிருந்து திரும்பி வந்து, 1951இல் லக்னோவில் புதிதாகத் தொடங்கிய மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அது அப்போது இயங்கியது நவாப் காலத்துச் சத்தர் மன்சில் அரண்மனையில். அரண்மனை அறைக்குள், சட்டென்று தீப்பிடிக்கிற ஈத்தரைக் காய்ச்சி வடிக்கிற காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வரும்.

1960இல் பெர்னார்ட் டேவிஸுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஸ்ட்ரெப்டோமைசின் பற்றி எழுதினார். குழுக்களுக்குப் பிடித்த வகைக் கட்டுரை. ஆனால் நான் சொல்ல வந்தது அவர் குழு உருவாக்கிய சென்ட்குரோமனைப் பற்றி.

ஸ்டீராய்டு இல்லாத கருத்தடை மாத்திரை. குரோமன் என்ற வளையத்தில் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களில் இரண்டு பென்சீன் வளையங்கள் தொங்கும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் ட்ரான்ஸ். தாளில் வரையும்போது பின்பக்கம் போவதைப் புள்ளிக்கோடாகப் போடுவோம். மருந்து ட்ரான்ஸ். அணுக்களும் அதேதான், எடையும் அதேதான், நிற்கிற பக்கம் மட்டும் வேறு. சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் ஒரு முறை இப்படிப்பட்ட ஜோடியைப் பிரிக்கக் காலம் (column, கலவையைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாய்) போட்டேன். பிரிந்ததா என்று பார்க்கிற டிஎல்சி தகட்டில் இரண்டு ஸ்பாட்டும் ஒட்டிக்கொண்டே ஏறி, யூவி விளக்கின் கீழ் 8 மாதிரி நின்றன. மூன்று நாள் கரைப்பானை மாற்றி மாற்றிப் போட்டும் அந்த 8 அசையவில்லை.

ஆனந்த் குழுவினர் இந்தப் பிரிக்கிற வேலையை எத்தனை தடவை செய்திருப்பார்கள்! 1976இல் வந்த அவர்களுடைய கட்டுரை ஒன்றின் தலைப்பிலேயே 12 என்ற எண் இருக்கிறது, கருத்தடை மருந்துகள் பற்றிய வரிசையில் பன்னிரண்டாவது. அவர் தனியாளாகவும் செய்யவில்லை. எஸ். ரே, வி.பி. கம்போஜ் என்று கூட இருந்தவர்கள் பலர். மாத்திரை 'சஹேலி' என்ற பெயரில் கடைக்கு வந்தது 1991இல். உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று போதும். 2016இல் அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 'சாயா' என்று இலவசமாகச் சேர்ந்தது. குறையே இல்லாத மருந்து என்று சொல்லமாட்டேன். சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

சரி, இதில் மேற்கோள் எங்கே? மாத்திரை அட்டையைக் கிழிக்கிற பெண் அடிக்குறிப்பு எழுதுவதில்லை.

எங்கள் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று லிப்பின்ஸ்கி குழுவினர் 1997இல் எழுதியது. வாய்வழி மருந்தாகத் தேற வேண்டுமானால் மூலக்கூறு எடை 500ஐத் தாண்டக் கூடாது, லாக்-பி (தண்ணீரைவிட எண்ணெயில் எவ்வளவு கரையும் என்பதன் அளவு) 5ஐத் தாண்டக் கூடாது என்கிற மாதிரி நான்கு விதிகள். புது மருந்து எதுவும் அதில் இல்லை. குறை சொல்லவில்லை, நானே தினமும் பயன்படுத்துகிறேன். அதுதான் விஷயமே. என்னைப் போன்றவனுக்குப் பயன்பட்டால் மேற்கோள் ஏறும். மருந்து சாப்பிடுகிறவருக்குப் பயன்பட்டது எந்தக் கணக்கிலும் ஏறாது. வேடிக்கை என்னவென்றால், சென்ட்குரோமனை அந்த விதிகளில் போட்டுப் பாருங்கள், எடை தப்பிக்கும், லாக்-பி 5ஐத் தாண்டும். விதி ஒரு மீறலைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால் பிழைத்தது.

ஆனந்துக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2012இல், 87 வயதில். 2024 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். 99 வயது.

இப்போது நானே குழுக்களில் உட்காருகிறேன். விண்ணப்பத்தில் அந்த எண் இருக்கும் பக்கத்தைக் கடைசியில்தான் திருப்புவது. முதலில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "நீங்கள் செய்த மூலக்கூறை வரையுங்கள்" என்பேன். போன மாதம் ஒரு பெண் மளமளவென்று வரைந்துகொண்டு வந்தவர், ஒரு கோட்டில் நின்றார். அடித்துவிட்டு அதே இடத்தில் புள்ளிக்கோடாகப் போட்டார்.

"சாரி சார், இது ட்ரான்ஸ்" என்றார்.