பிபிஏ ப்ராஜெக்ட்டை இலைச் சீட்டிலிருந்து தொடங்கலாமே

அரசுக் கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும் மாதங்களில் கோத்தகிரி, குந்தா, கூடலூர் பக்கத்துப் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கிறார்கள்: "பிபிஏ சேர்த்தா வேலை கிடைக்குமாம்மா, இல்ல பி.காமே போட்டுடலாமா?" நான் பிபிஏ முடித்து, பிறகு சமவெளியில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ படித்தேன். இப்போது குன்னூரில் தேயிலை வியாபாரம் சார்ந்த வேலை. தைரியமாகச் சேருங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். சிறு தேயிலை விவசாயி வீட்டுப் பெண்ணால் கடன் வாங்காமல் மேலாண்மை படிக்க முடிவது அரசுக் கல்வியால்தான். இன்று அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரும் பிள்ளைக்கு அது சின்னத் தொகை இல்லை.

பெரிய பல்கலைக்கழகத்தின் வகுப்பறையில் கிடைக்கும் இன்னொன்றுக்கு விலையே போட முடியாது. என் வகுப்பில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அம்மாவின் மகள் இருந்தாள். லாரி வைத்திருப்பவரின் மகன், மளிகைக் கடைக்காரர் மகன் என்று பலர் இருந்தார்கள். நடைமுறை மூலதனம் என்ற பாடத்தைப் புத்தகத்தைவிட அந்த மளிகைக் கடைப் பையன்தான் எனக்கு நன்றாகப் புரிய வைத்தான். கடனுக்குச் சரக்கு கொடுத்துவிட்டு, பணம் திரும்பி வருவதற்குள் அடுத்த சரக்கு எடுக்க அவன் அப்பா படும் பாட்டை அப்படியே சொல்வான்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட். வருஷா வருஷம் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஏதோ ஒரு செல்போன் கம்பெனி, ஏதோ ஒரு ஷாம்பு, "நீலகிரி மாவட்டத்தில் வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஆய்வு". நூறு பேருக்கு ஆங்கிலத்தில் கேள்வித்தாள். இலை பறித்துவிட்டு வரும் அக்காவிடம் அதை நீட்ட முடியாது என்பதால், பாதித் தாள்களை விடுதி அறையில் உட்கார்ந்து பிள்ளைகளே நிரப்பிவிடுகிறார்கள். சதவீதக் கணக்கு, நாலு வட்ட வரைபடம், பைண்டிங், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு, முடிந்தது. மூன்று வருஷப் படிப்பு அங்கே வீணாகிறது என்று எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

முதல் செமஸ்டரில் நாம் மனப்பாடம் செய்கிற, மேலாண்மை அறிஞர் ஃபயோலின் 14 கோட்பாடுகள் எங்கிருந்து வந்தன? அவர் பிரான்ஸில் ஒரு நிறுவனத்தில் சுரங்கப் பொறியாளராகச் சேர்ந்து, அந்த நிறுவனத்தையே பல வருஷம் நடத்தியவர். 1916-இல் அவர் எழுதியதில் பெரும்பகுதி அந்தச் சுரங்கங்களில் பார்த்தது. மேலாண்மைப் பாடத்தின் இன்னொரு முன்னோடியான டெய்லர் அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பாலையில் கூலியாட்கள் இரும்புக் கட்டி தூக்குவதைக் கடிகாரம் வைத்து அளந்தார். ஒரு ஆள் நாளுக்கு 12.5 டன் ஏற்றிய இடத்தில் 47.5 டன் ஏற்ற வைத்து, கூலியையும் கூட்டிக் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். எஸ்டேட்டில் குறிப்பிட்ட கிலோவுக்கு மேல் பறித்தால் கிலோ கணக்கில் கூடுதல் பணம் தருகிறார்களே, அதன் பின்னால் இருக்கும் யோசனையும் இதேதான். அந்தக் கூடுதல் பணத்துக்காகப் பறிக்கும்போது முற்றின இலையும் சேர்ந்து வந்தால் தேயிலைத் தூளின் தரம் என்ன ஆகும்? அம்மா எஸ்டேட்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு டெய்லரை வாழ்த்தவும் தெரியும், கேள்வி கேட்கவும் தெரியும். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

பிலிம் கம்பெனியான கோடாக்கின் கதை எல்லா மேலாண்மை வகுப்பிலும் வரும். 1975-லேயே அவர்கள் பொறியாளர் டிஜிட்டல் கேமரா செய்துவிட்டார், 2012-இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது! 1960-இல் தொடங்கி, 1967-இல் உற்பத்திக்கு வந்த பொதுத்துறை ஆலை. "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் நம் மலையிலிருந்து நாடு முழுக்கப் போயின. அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் நம் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். கடன் எப்போது கழுத்தை நெரித்தது, இறக்குமதி பிலிம் வந்தபோது என்ன முடிவெடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினால், கோடாக் பாடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் படிக்கலாம். அவர்களுக்கெல்லாம் வயசாகிவிட்டது. இந்த வேலையைத் தள்ளிப்போட நேரமில்லை.

தேயிலைக்கு வருகிறேன். குந்தாவில் 1962-இல் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. இன்கோ என்று சொல்லப்படும் இந்தக் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இன்று 16. அவற்றின் சம்மேளனமான இன்கோசர்வ் குன்னூரில் இருக்கிறது. உறுப்பினர்கள் சுமார் 30,000 சிறு விவசாயிகள். இலை கொடுப்பவரே முதலாளி. அப்படியிருந்தும் பக்கத்துத் தனியார் ஃபேக்டரி கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்தால் இலை அங்கே போய்விடுகிறது. ஏன்? கூட்டுறவின் விசுவாசம், நிர்வாகம், கையில் உடனே வரும் காசு எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

சோவியத் யூனியன் நம் தூளை அள்ளி வாங்கிக்கொண்டிருந்தது. 1991-இல் அந்த நாடே இல்லாமல் போன பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில் பச்சை இலை விலை விழுந்ததை எங்கள் தலைமுறை வீட்டில் இருந்து பார்த்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பி நின்றால் என்ன ஆகும் என்பதை இதைவிட எந்தப் புத்தகம் சொல்லிக் கொடுக்கும்? ரேஷன் கடையில் விற்கும் ஊட்டி டீ, பிராண்டிங் பாடத்துக்கு ஒரு முழு அத்தியாயம் தாங்கும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று உயர்நீதிமன்றம் இ-பாஸுக்கு உச்சவரம்பு வைத்ததும் அப்படித்தான். லாட்ஜ்காரர், டாக்ஸிக்காரர், கேரட் விவசாயி என்று ஒவ்வொருவர் கணக்கும் அதில் வேறுவேறு.

ஆகவே பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு என் கோரிக்கை. ப்ராஜெக்ட்டில் உள்ளூர்த் தொழில் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். நூறு கேள்வித்தாளுக்குப் பதில் பத்துப் பேரிடம் தமிழிலோ படுக மொழியிலோ நீண்ட பேட்டி எடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். வைவாவில் வட்ட வரைபடத்தைப் பார்க்காமல், "அந்த ஃபேக்டரிக்கு எத்தனை தடவை போனாய், யாரிடம் பேசினாய்?" என்று கேளுங்கள்.

இந்த வருஷம் ப்ராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், இலை போட்டதற்கு ஃபேக்டரி கொடுத்து வீட்டில் இருக்கும் ஆறு மாத இலைச் சீட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் போடுங்கள். அந்தந்த மாதத்துக்குத் தேயிலை வாரியம் அறிவித்த விலை, குன்னூர் ஏலத்தின் சராசரி விலை இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு முதல் நாலரை கிலோ பச்சை இலை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அப்பாவின் கைக்கு வந்தது எவ்வளவு, நடுவில் போனது எவ்வளவு என்று தெரியும். ஏலத்துக்கு வரும் தூளின் பட்டியலான ஏலக் கேட்டலாக்கை எப்படிப் படிப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான் சொல்லித் தருகிறேன்.