கெர்னல் ஏத்தப் போய்

புது லேப்டாப்ல லினக்ஸ் போட்டேன், வைஃபையைக் காணோம். நான் போட்டதுல இருந்த கெர்னல் (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) 6.1, 2022 டிசம்பர்ல வந்தது. இந்த வைஃபை 7 சிப்புக்கு டிரைவர், அதாவது அதை இயக்குற புரோகிராம், கெர்னல்ல சேர்ந்ததே 6.7-லதான். சரி, கெர்னலை ஏத்திடலாம்னா, அதை இறக்க நெட் வேணும்; நெட்டுக்கு வைஃபை வேணும்! பைத்தியம் தெளிஞ்சாதான் கல்யாணம், கல்யாணம் ஆனாதான் பைத்தியம் தெளியும்ங்கிற கதை. ஒல்லியா இருக்குன்னு ஆசைப்பட்டு வாங்கினதுல (என் புத்தியைச் சொல்லணும்) லேன் போர்ட்டும் கிடையாது. போனை யூஎஸ்பில செருகி, அதோட நெட்டை டெதரிங்ல லேப்டாப்புக்குக் கொடுத்து ஒரு வழியா இறக்கினேன். ரீபூட் பண்ணா, டிஜிட்டல் கையெழுத்தில்லாத கெர்னல்னு செக்யூர் பூட் (நம்பகமானதை மட்டும் கிளம்ப விடுற காவல்) வாசல்லயே மறிக்குது. அதை அணைச்சு உள்ள போனா, ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளயே ஓடுற சாஃப்ட்வேர்) ஃபைல் இல்லையாம், அது தனியாம். ராத்திரி ஒரு மணிக்கு வைஃபை வந்துச்சு. மூடி வெச்சுட்டுக் காலையில திறந்தா ஸ்கிரீன் கருப்பு. பழைய கெர்னல்ல ஒழுங்கா தூங்கி எழுந்துச்சே, சனியன்!